ஒரு பவுனுக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு கைக்கடிகாரம்

தங்கத்தில் என்னென்ன செய்யலாம் என்பதற்கு நம் வீடுகளில் எழுதப்படாத ஒரு பட்டியல் உண்டு. தாலி, தோடு, வளையல், சங்கிலி, மோதிரம், குழந்தைக்கு அரைஞாண். வசதி இருந்தால் ஒட்டியாணம். அவ்வளவுதான். இன்றைக்கு நான் எழுதப் போவது இந்தப் பட்டியலில் எங்கேயும் இடம் கிடைக்காத ஒரு பொருளைப் பற்றி. தங்கத்தில் செய்த ஸ்டாப்வாட்ச்!

சிரிக்காதீர்கள். ஸ்டாப்வாட்ச் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது பி.டி. மாஸ்டர் கழுத்தில் தொங்கும் கறுப்பு பிளாஸ்டிக் டப்பாதான். நூறு மீட்டர் ஓட்டத்துக்கு எதற்குத் தங்கம் என்று கேட்கத் தோன்றும். ஆனால் 1940களிலும் 50களிலும் சுவிட்சர்லாந்தில் இதை ஏகப்பட்டது செய்து தள்ளினார்கள். மணி பார்க்க ஒரு கைக்கடிகாரம், அதற்குள்ளேயே ஒரு ஸ்டாப்வாட்ச், வெளியே 18 காரட் தங்கக் கூடு. ஸ்டாப்வாட்ச் வசதி உள்ள கைக்கடிகாரத்துக்குப் பெயர் குரோனோகிராஃப்.

அதில் ஒன்று எங்கள் குடும்பத்தில் இருக்கிறது. அதை என்ன செய்வது என்று போன வருஷம் ஒரு பஞ்சாயத்தே நடந்தது. அந்தக் கதை கொஞ்சம் பின்னால் வருகிறது. முதலில் சாமானைப் பற்றித் தெரிந்துகொள்வோம். (மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட் மக்களே, இதில் நம் சிலபஸ் சமாச்சாரமும் இருக்கிறது. ஓடிப்போக வேண்டாம்.)

குரோனோகிராஃப் என்ற கிரேக்கச் சொல்லுக்கு நேரத்தை எழுதுவது என்று பொருள். ஆரம்பத்தில் அது நிஜமாகவே எழுதியது. 1821-இல் பாரிஸில் நடந்த குதிரைப் பந்தயத்துக்கு நிக்கோலா ரியூசெக் என்ற கடிகாரக்காரர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். ஒரு குதிரை எல்லைக் கோட்டைத் தாண்டும்போது பட்டனை அழுத்தினால், சுற்றிக்கொண்டிருக்கும் டயல் மேல் ஒரு சொட்டு மை விழும். பந்தயம் முடிந்த பிறகு மைப்புள்ளிகளைப் பார்த்து எந்தக் குதிரை எத்தனை விநாடி என்று சொல்லிவிடலாம். ரொம்ப காலம் இதுதான் உலகத்தின் முதல் குரோனோகிராஃப் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். 2013-இல் அதைவிட ஐந்து வருஷம் மூத்த ஒன்று வெளிச்சத்துக்கு வந்தது. லூயி முவானே என்பவர் 1816-இல் செய்து முடித்தது. நட்சத்திரங்களைக் கவனிக்கும் வேலைக்காகச் செய்தார். ஒரு விநாடியை அறுபது பங்காகப் பிரித்துக் காட்டும். அதில் மையும் இல்லை, எழுத்தும் இல்லை. ஆனாலும் பெயர் என்னவோ எழுதும் கடிகாரம் என்றே நிலைத்துவிட்டது.

அடுத்த பிரச்சினை, ஓடி நின்ற முள்ளைத் திரும்பப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது. முள் 7-இல் நிற்கலாம், 43-இல் நிற்கலாம், எங்கே நின்றாலும் ஒரே அழுத்தில் மேலே வர வேண்டும். இதற்கு அடோல்ஃப் நிக்கோல் என்பவர் 1844-இல் காப்புரிமை வாங்கிய யோசனை ரொம்ப அழகானது. முள்ளின் அச்சில் இதயம் வடிவத்தில் ஒரு சின்னத் தகடு. பட்டனை அழுத்தினால் ஒரு சுத்தியல் வந்து அந்த இதயத்தின் விளிம்பில் அடிக்கும். விளிம்பு சரிவாக இருப்பதால் சுத்தியல் எந்த இடத்தில் பட்டாலும் தகடு வழுக்கிக்கொண்டு சுற்றும். இதயத்தின் உச்சியில் உள்ள பள்ளத்தில் சுத்தியல் போய் உட்கார்ந்ததும் நின்றுவிடும். அந்த நிலைதான் பூஜ்யம். கைனமாட்டிக்ஸ் பேப்பருக்காக கேம் அண்ட் ஃபாலோயர் என்று ட்ராஃப்டரை வைத்துக்கொண்டு நாள் கணக்கில் வரைந்தோமே, அதேதான்! பதினாறு மார்க்குக்கு வரைந்த அந்த வளைவு, நகத்தைவிடச் சின்னதாக ஒரு வாட்ச்சுக்குள் உட்கார்ந்து வேலை செய்கிறது. இன்றைக்கும் மெக்கானிக்கல் குரோனோகிராஃப்களில் இதே இதயம்தான்.

குரோனோகிராஃப் மெல்ல மெல்லப் பாக்கெட்டில் இருந்து மணிக்கட்டுக்கு வந்தது. 1934-இல் பிரைட்லிங் கம்பெனி இரண்டாவது பட்டனைக் கொண்டுவந்தது. சாவி கொடுக்கிற திருகுக்கு மேலே ஒரு பட்டன், கீழே ஒரு பட்டன். இன்றைக்கு குரோனோகிராஃப் என்றால் நம் மனதில் வருகிற முகம் அப்போது அமைந்ததுதான்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு கருவியின் கதை. டாக்டர் நாடி பார்க்க, பந்தயக்காரன் வேகம் பார்க்க, பீரங்கிக்காரன் தூரம் பார்க்க. இதற்கு ஏன் தங்கச் சட்டை? தங்கம் மெத்தென்ற உலோகம். கீறல் விழும், நசுங்கும். அதனால்தான் கால் பங்கு செம்பும் வெள்ளியும் கலந்து 18 காரட் ஆக்குகிறார்கள். அப்படியும் எஃகு மாதிரி வராது. தங்கத்தின் வேலை பத்திரமாக இருப்பது. குரோனோகிராஃபின் வேலை ஓடி ஓடி உழைப்பது. இரண்டையும் ஒன்றாகக் கட்டிவைத்தால் அது பொருந்தாக் கல்யாணம் மாதிரிதான் தெரிகிறது.

இந்தப் பொருத்தமின்மை வாட்ச் கம்பெனிகளுக்கும் தெரியும். 1969-இல் மனிதன் நிலவில் இறங்கினான். அந்தப் பயணத்துக்கு நாசா கொடுத்தது எஃகுக் கூட்டில் இருந்த ஒமேகா ஸ்பீட்மாஸ்டர். அதே வருஷம் நவம்பர் 25-ஆம் தேதி ஹூஸ்டனில் ஒரு விருந்து வைத்து, விண்வெளி வீரர்களுக்கு ஒமேகா அதே வாட்ச்சைத் தங்கத்தில் செய்து கொடுத்தது. முதல் எண் போட்டதை அதிபர் நிக்சனுக்கு என்று வைத்திருந்தார்கள். விலை உயர்ந்த பரிசு என்று அவர் வாங்கிக்கொள்ளவில்லை. 1973 வரைக்கும் மொத்தம் 1,014 வாட்ச்கள்தான் அந்த வரிசையில் செய்தார்கள். ஆனால் 1970 ஏப்ரலில் அப்போலோ 13 பழுதாகி, உயிரோடு திரும்புவதற்கு எஞ்சினைச் சரியாக 14 விநாடி ஓட்ட வேண்டி வந்ததே, அந்த 14 விநாடியை அளந்தது எஃகு வாட்ச்தான். வேலைக்கு எஃகு, விருந்துக்குத் தங்கம்!

இன்னொரு உதாரணம். 1970களில் ஹோயர் கம்பெனியின் ஜாக் ஹோயர், பெராரி அணியின் கார் பந்தய வீரர்களுக்குத் தங்கத்தில் கரேரா குரோனோகிராஃப் பரிசளித்தார். அதன் பின்பக்கத்தில் வீரரின் பெயரோடு அவருடைய ரத்த வகையையும் பொறித்துக் கொடுத்தார்கள். அந்தக் காலத்துக் கார் பந்தயம் அவ்வளவு ஆபத்தானது. முன்பக்கம் பார்த்தால் நகை, திருப்பிப் பார்த்தால் ஆஸ்பத்திரி சீட்டு. எனக்கு இந்த வாட்ச் ரொம்பப் பிடிக்கும். (படத்தில் பார்ப்பதோடு சரி. வாங்கும் ஐடியாவெல்லாம் இந்த ஜென்மத்தில் இல்லை :-) )

இன்னும் ஒரு வேடிக்கை சொல்லிவிட்டுக் கதைக்கு வருகிறேன். பாடெக் ஃபிலிப் 1941-இல் இருந்து 1954 வரை 1518 என்ற எண்ணில் ஒரு குரோனோகிராஃப் செய்தது. லீப் வருஷம் உட்பட நாள்காட்டி எல்லாம் தானாகவே காட்டும். மொத்தம் 281. பெரும்பாலும் தங்கம். எஃகில் செய்தது நான்கே நான்கு என்பதுதான் இதுவரை தெரிந்த கணக்கு. 2016 நவம்பரில் ஜெனீவாவில் அந்த எஃகு வாட்ச் ஒன்று ஏலத்துக்கு வந்தபோது 1 கோடியே 10 லட்சம் சுவிஸ் ஃபிராங்கைத் தாண்டிப் போனது. தங்கத்தில் இருக்கும் அதன் அண்ணன் தம்பிகள் அதுவரைக்கும் பக்கத்தில் கூட வந்ததில்லை. இரும்புச் சாமான் தங்கத்தை ஜெயித்த கதை. நம் ஊர் நகைக்கடையில் போய் இதைச் சொல்லிப் பாருங்கள், ஆளை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

சரி, எங்கள் வீட்டு வாட்ச்.

எங்கள் தாத்தா புதுச்சேரிப் பாஷையில் ஒரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்கியவர்களை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். இருபது வயதில் சேர்ந்து இந்தோசீனாவுக்குப் போனார். இன்றைய வியட்நாம் உள்ளிட்ட பகுதி. 1954 மே 7-ஆம் தேதி தியன் பியன் ஃபூவில் பிரெஞ்சுப் படை தோற்றது. அதே வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. அப்போது தாத்தா பிரான்ஸில் மார்செய் துறைமுகத்தில் இருந்தார். "சண்ட போட்ட ஊரும் போச்சு, பொறந்த ஊர்ல கொடியும் மாறிடுச்சு. கையில நின்னது சம்பள பாக்கி மட்டுந்தான்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சம்பள பாக்கியில் வாங்கியதுதான் இந்த வாட்ச்.

அதன் டயலில் கம்பெனி பெயரே கிடையாது. குரோனோகிராஃப் சுவிஸ் என்று பிரெஞ்சில் எழுதியிருக்கும். சுவிஸ் குரோனோகிராஃப் என்று பொருள், அவ்வளவுதான். மாவு பாக்கெட் மேல் மாவு என்று எழுதி விற்கிற மாதிரி. யுத்தம் முடிந்த வருஷங்களில் பல பட்டறைகள் இந்தப் பெயரில் இப்படிப்பட்ட வாட்ச்களைச் செய்து விற்றன. ஊர் விட்டு ஊர் போகிறவனுக்கு இது தோதான பொருள். பணமாக வைத்திருந்தால் செலவாகிவிடும். தங்கக் கட்டியாக வைத்திருந்தால் திருடு போகும். வாட்ச் என்றால் கையில் கட்டிக்கொண்டே கப்பல் ஏறிவிடலாம்.

கூட்டின் உள்பக்கம் 0.750 என்ற எண்ணும் ஒரு பெண் தலையும் முத்திரையாக இருக்கும். நூற்றுக்கு 75 பங்கு தங்கம் என்பதற்கான பழைய சுவிஸ் முத்திரை அந்தப் பெண் தலை. பெயர் ஹெல்வெட்டியா. (1995-க்குப் பிறகு அந்த இடத்தில் நாய்த் தலை வந்துவிட்டது.) ஸ்ட்ராப் மாட்டுகிற காதில், லென்ஸ் வைத்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி, ஒரு குட்டி ஆந்தை. வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான தங்கத்துக்கு பிரான்ஸ் போடும் முத்திரை அது. வாட்ச் எந்த வழியாக வந்தது என்பதற்கு பாஸ்போர்ட்டில் குத்திய சீல் மாதிரி.

டயலில் இரண்டு கணக்குகள் அச்சாகியிருக்கும். நடுவில் நத்தை ஓடு மாதிரிச் சுருண்டு போகும் எண்கள் வேகத்துக்கு. ஒரு கிலோமீட்டர் கடக்க எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று முள் காட்டும். ஓரத்தில் ஓடும் எண்கள் தூரத்துக்கு. இதற்கு டெலிமீட்டர் என்று பெயர். எதிரியின் பீரங்கி சுடும்போது முதலில் வெளிச்சம் தெரியும், சத்தம் பிறகுதான் வரும். வெளிச்சத்தைப் பார்த்ததும் பட்டனை அழுத்தி, சத்தம் கேட்டதும் நிறுத்தினால், பீரங்கி எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்று முள் சொல்லிவிடும். சத்தம் ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. ஆக, மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர்.

தாத்தா ஊருக்குத் திரும்பிய பிறகு இந்தக் கணக்குக்கு பீரங்கி கிடைக்கவில்லை. ஐப்பசி மழைதான் கிடைத்தது. முத்தியால்பேட்டை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, மின்னல் வெட்டியதும் அத்தையை பட்டனை அழுத்தச் சொல்வாராம். இடி கேட்டதும் நிறுத்த வேண்டும். பன்னிரண்டு விநாடி என்றால் நாலு கிலோமீட்டர். ஒன்பது என்றால் மூன்று. "கிட்ட வருது, உள்ள போ" என்று கதவைச் சாத்துவாராம். அத்தைக்கு அப்போது ஆறோ ஏழோ வயது. இடிக்குப் பயப்படுவதை விட்டுவிட்டுக் கணக்குப் போடக் கற்றுக்கொண்டது அங்கேதான் என்பார். பிற்காலத்தில் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர் ஆனார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று எனக்குத் தெரியாது. அவர் உண்டு என்கிறார்.

தாத்தா போன பிறகு வீடு, பாத்திரம் பண்டம் எல்லாம் பாகம் பிரித்தாகிவிட்டது. கடைசியில் நின்றது வாட்ச். பெரியப்பா, அத்தை, அப்பா, மூன்று பேர். குடும்பத்தில் ரொம்ப நாளாக அதற்கு அஞ்சு பவுன் வாட்ச் என்றுதான் பெயர். கையில் வாங்கிப் பார்த்தால் கனமாகத்தான் இருக்கும். பெரியப்பா சொன்னார், "வித்து மூணாப் பிரிச்சுக்கலாம். யாருக்கும் மனக்கசப்பு வேணாம்." அவர் சொன்னதில் தப்பே இல்லை. அக்காவுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நேரம். ஒரு கிராம் என்றாலும் கிராம்தான்.

நகைக்கடைக்கு நானும் கூடப் போயிருந்தேன். கடைக்காரர் வாட்ச்சைத் தராசில் வைக்கவே இல்லை. "மிஷினைக் கழட்டிட்டுத்தாங்க எடை போடணும்" என்றார். கூட்டைத் திறந்து பார்த்தால், மெல்லிய தங்கத் தகட்டை அச்சில் அடித்து வளைத்திருக்கிறார்கள். மிஷினைத் தாங்கிப் பிடிப்பது உள்ளே இருக்கும் சாதா உலோக வளையம். ஸ்ட்ராப் காதுகள்கூட உள்ளே வெற்று. இந்த ரக வாட்ச்களில் இது சகஜம்தான். குறைந்த தங்கத்தில் பெரிய தோற்றம். கண்ணாடி, மிஷின், வளையம் எல்லாம் எடுத்துவிட்டு நிறுத்தபோது 9 கிராம் 400 மில்லி. அதுவும் 75 டச். நம் 22 காரட் கணக்குக்கு மாற்றினால் ஒரு பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு இரண்டரை கிராம் சொச்சம்.

அஞ்சு பவுன் ஒரே நிமிஷத்தில் முக்கால் பவுன் சொச்சமாகிப் போனது. பெரியப்பா முகத்தைப் பார்க்க முடியவில்லை. கடைக்காரர் நல்ல மனிதர். "மிஷின் எங்களுக்கு வேணாங்க, நீங்களே எடுத்துட்டுப் போங்க, பசங்க விளையாடட்டும்" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம் எனக்குள் ரொம்ப நாள் சுற்றிக்கொண்டிருந்தது. 1980 ஜனவரியில் தங்கம் அவுன்ஸ் 850 டாலரைத் தொட்டபோது உலகம் முழுக்க இதுதான் நடந்தது. பழைய தங்க வாட்ச்கள் கூட்டம் கூட்டமாக உலைக்குப் போயின. மிஷின்கள் தனியாக டப்பாக்களில் தேங்கின. அதற்குப் பத்து வருஷம் முன்னாலேயே பேட்டரி வாட்ச் வந்து மெக்கானிக்கல் வாட்ச்சின் மதிப்பை ஆட்டம் காண வைத்திருந்தது. உலகத்தின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரமான செய்கோ அஸ்ட்ரான் 1969 டிசம்பர் 25-ஆம் தேதி கடைக்கு வந்தது. விலை 4,50,000 யென். கூடு எதில் தெரியுமா? 18 காரட் தங்கத்தில்!

வீட்டுக்கு வந்து மிஷினைத் திரும்பக் கூட்டுக்குள் வைத்த பிறகு பெரியப்பா சும்மா சாவி கொடுத்து, மேல் பட்டனை அழுத்தினார். முள் தயங்கித் தயங்கி ஓட ஆரம்பித்தது. நிறுத்துவதற்கு மறுபடி மேல் பட்டனையே அழுத்தினார். நிற்கவில்லை. இன்னொரு முறை. நிற்கவில்லை. "பாரு, ரிப்பேரு வேற" என்றார். அத்தை ஒன்றும் பேசாமல் கையை நீட்டி வாங்கி, கீழ்ப் பட்டனை அழுத்தினார். முள் நின்றது. இன்னொரு முறை கீழ்ப் பட்டன். முள் துள்ளி மேலே போய்ப் பூஜ்யத்தில் நின்றது.

"மேல ஓட்றதுக்கு. கீழ நிறுத்தறதுக்கு. அப்பா சொல்லிக் குடுத்தது" என்றார்.

பிறகு அத்தையே ஒரு கணக்குச் சொன்னார். வாட்ச் தனக்கு வேண்டும், முழுசாக. கூட்டில் இருக்கும் தங்கத்துக்கு அன்றைய விலை போட்டு அண்ணனுக்கும் தம்பிக்கும் அவரவர் பங்கைப் பணமாகக் கொடுத்துவிடுகிறேன் என்றார். அப்பா எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பெரியப்பா வாங்கிக்கொண்டார். அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து அக்காவுக்கு ஒரு மோதிரம் எடுத்தார். பெரியப்பா இப்படிச் செய்யலாமா என்று சொந்தக்காரர்கள் சிலர் பேசினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தாத்தா தங்கமாக வாங்கி வைத்ததே இப்படி ஒரு நாளைக்கு உதவும் என்றுதானே? அக்கா விரலில் இருப்பதும் மார்செய் துறைமுகத்துச் சம்பள பாக்கிதான்.

வாட்ச் ரிப்பேர் கடைக்கு அத்தையோடு நான்தான் போனேன். வயதானவர், கண்ணில் லென்ஸைச் சொருகிக்கொண்டு பின்மூடியைத் திறந்தார். மிஷினில் பொறித்திருந்ததைப் பார்த்ததும் "லேண்டரான் 48" என்றார், தெருவில் போகும் பழைய சிநேகிதனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது போல. பிறகு தேடிப் படித்தேன். சுவிட்சர்லாந்தில் லேண்டரான் என்பது ஒரு சின்ன ஊர். அங்கே இருந்த தொழிற்சாலை 1937-இல் இந்த மிஷினைக் கொண்டுவந்து முப்பது வருஷத்துக்கு மேல் செய்தது. 17 கல். விநாடிக்கு ஐந்து துடிப்பு. விலை கூடின குரோனோகிராஃப்களில் ஓட்டுவதையும் நிறுத்துவதையும் கோட்டைக் கொத்தளம் மாதிரி தூண்கள் வைத்த ஒரு சக்கரம் பார்த்துக்கொள்ளும். அதைச் செய்ய நேரமும் கைத்திறனும் வேண்டும். லேண்டரான்காரர்கள் அதற்குப் பதிலாக அச்சில் வெட்டிய தகடு கேம்களை வைத்தார்கள். செலவு குறைந்தது. சாதாரணச் சிப்பாய் ஒருவர் குரோனோகிராஃப் வாங்க முடிந்ததற்கு அந்தத் தகடும் ஒரு காரணம். மேல் பட்டன் ஓட்டுவதற்கு மட்டும், கீழ் பட்டன் நிறுத்துவதற்கும் பூஜ்யத்துக்கும் என்ற ஏற்பாடும் இந்த மிஷினின் அடையாளம்தான்.

ரிப்பேர் கடைக்காரர் முழுசாகப் பிரித்து, கழுவி, எண்ணெய் போட்டுக் கொடுத்தார். மிஷினில் தேய்மானம் அதிகம் இல்லையாம். உள்ளே இருக்கும் இதயத் தகட்டை லென்ஸ் வழியாக எனக்கும் காட்டினார். ட்ராஃப்டர் வைத்து நான் வரைந்ததைவிட நன்றாக இருந்தது!

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். நம் வீடுகளில் தங்கத்தின் பெருமையே அதை அழித்துச் செய்யலாம் என்பதில்தான் இருக்கிறது. பாட்டியின் அட்டிகை அம்மாவின் வளையல் ஆகும், அம்மாவின் வளையல் பேத்தியின் சங்கிலி ஆகும். உருவம் போனாலும் மதிப்பு போகாது. சேதாரம் மட்டும் போகும். அதனால்தான் தங்கத்தை மூன்றாகப் பிரிக்க முடிகிறது, முப்பதாகவும் பிரிக்க முடிகிறது. வாட்ச் இதற்கு நேர் எதிர். அதை அழித்துச் செய்ய முடியாது. ஒரு இதயத் தகட்டை எடுத்துவிட்டால் மீதி நூற்றுச் சொச்சம் உறுப்புகளும் பிரயோஜனமில்லை. மதிப்பு முழுவதும் முழுசாக இருப்பதில்தான்.

பழைய தங்க குரோனோகிராஃபில் இந்த இரண்டு குணமும் ஒரே கூட்டுக்குள் இருக்கின்றன. என்னை உருக்கு, பிரி, யாருக்கு வேண்டுமோ கொடு என்று வெளியே இருப்பது சொல்கிறது. என்னைப் பிரிக்காதே என்று உள்ளே இருப்பது சொல்கிறது. எழுபது வருஷம் உருக்கப்படாமல் ஒன்று தப்பித்திருக்கிறது என்றால், ஒவ்வொரு கஷ்ட காலத்திலும் யாரோ ஒருவர் இது இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறார் என்று அர்த்தம். எஃகு வாட்ச்சுக்கு அந்தச் சோதனை வருவதில்லை. அதை உருக்கி யாருக்கு என்ன லாபம்? தங்க வாட்ச் மேல் எனக்கு ஈர்ப்பு வந்தது அதன் பளபளப்பால் அல்ல. விற்கச் சொல்லித் தினமும் கேட்டுக்கொண்டே இருக்கும் ஒரு பொருளை விற்காமல் வைத்திருந்தவர்களால்.

கடைசியாக, உங்கள் வீட்டுப் பீரோவிலும் தாத்தாவின் வாட்ச் ஏதாவது தூங்கிக்கொண்டிருக்கலாம். சிங்கப்பூர், பர்மா, சைகோன், கொழும்பு என்று நம் ஆட்கள் போகாத ஊரா? அப்படி இருந்தால் சில விஷயங்கள்:

முதலில், தங்கமா முலாமா என்று பாருங்கள். 10 மைக்ரான், 20 மைக்ரான் என்று எழுதியிருந்தால் அது முலாம். 0.750, பெண் தலை, ஆந்தை இதெல்லாம் இருந்தால் தங்கம். முத்திரை பெரும்பாலும் பின்மூடியின் உள்பக்கத்தில் இருக்கும்.

இரண்டாவது, வருஷக்கணக்கில் ஓடாத வாட்ச்சுக்குச் சாவி கொடுத்து பட்டன்களை அழுத்தி விளையாட வேண்டாம். உள்ளே எண்ணெய் காய்ந்து போயிருக்கும். காய்ந்த எண்ணெயில் ஓட்டினால் பல்லும் அச்சும் தேயும். முதலில் சர்வீஸ். முக்கியமாக, முள் ஓடிக்கொண்டிருக்கும்போது பூஜ்யத்துக்குக் கொண்டுவர முயல வேண்டாம்.

மூன்றாவது, கூட்டைப் பளபளவென்று பாலிஷ் போடச் சொல்லாதீர்கள். தகடு ஏற்கெனவே மெல்லிசு. ஒவ்வொரு பாலிஷுக்கும் முத்திரை மங்கும், தங்கமும் கொஞ்சம் போகும்.

நான்காவது, பெரிய கம்பெனிப் பெயர் இல்லாவிட்டால் கோடீஸ்வரர் ஆகிவிடலாம் என்ற கனவு வேண்டாம். குரோனோகிராஃப் சுவிஸ் ரகத்துக்குத் தங்க விலைக்கு மேல் சேகரிப்பாளர்கள் கொடுப்பது ஓரளவுதான். நிறைய செய்தார்கள், நிறைய கிடைக்கிறது.

இவ்வளவும் பார்த்த பிறகும் விற்பதென்றால் விற்றுவிடுங்கள், கஷ்டத்துக்கு உதவாத தங்கம் எதற்கு? ஆனால் கடைக்காரர் தராசை எடுப்பதற்கு முன்னால், எந்தப் பட்டன் எதற்கு என்று தெரிந்தவர் யாராவது வீட்டில் இருக்கிறார்களா என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.